ஐ, கியூ, நடுவில் 90 டிகிரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற முறை ரேடியோ சிப்புக்குள் இருக்கும் விசிஓ பற்றி எழுதியிருந்தேன். கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் அதிர்வெண் மாறும் ஆசிலேட்டர்தான் விசிஓ. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குவாட்ரேச்சர் விசிஓ, அதாவது 90 டிகிரி தள்ளி இரண்டு அலைகளைத் தரும் ஆசிலேட்டர் பற்றித்தான் கேட்டிருந்தன. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. கடிதங்களைச் சுருக்கித்தான் தந்திருக்கிறேன்.

கேள்வி (திருச்சி, பொறியியல் இறுதியாண்டு மாணவர்): ஒரே அதிர்வெண்ணை 90 டிகிரி தள்ளி இரண்டாக ஏன் தயாரிக்க வேண்டும்? ஒன்றைத் தயாரித்து, நீளமான கம்பி வழியாக அனுப்பித் தாமதப்படுத்தினால் போதாதா?

பதில்: ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய சைக்கிளின் பின்சக்கர விளிம்பில் ஒரு ரிப்பன் கட்டிச் சுழற்றுங்கள். பின்னாலிருந்து விளக்கு அடித்தால் எதிர்ச் சுவரில் ரிப்பனின் நிழல் மேலும் கீழும் போய்வரும். அந்த நிழலை மட்டும் பார்த்துச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று உங்களால் சொல்லவே முடியாது. மேலிருந்தும் ஒரு விளக்கு அடித்து, தரையில் விழும் நிழலையும் சேர்த்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். முதல் நிழல் ஐ, இரண்டாவது கியூ. அவ்வளவுதான் விஷயம்.

ரிசீவரில் இதற்கு என்ன வேலை? உங்கள் ஆசிலேட்டர் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால், அதற்கு 10 மெகாஹெர்ட்ஸ் மேலே இருக்கும் சிக்னலும் 10 மெகாஹெர்ட்ஸ் கீழே இருக்கும் சிக்னலும் ஒரே மிக்ஸரில் (வரும் சிக்னலை ஆசிலேட்டர் அலையோடு பெருக்கிக் கீழ் அதிர்வெண்ணுக்கு இறக்கும் சர்க்யூட்) போனதும் அதே 10 மெகாஹெர்ட்ஸில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். ஒன்று உங்களுடையது, மற்றது யாரோ ஒருவருடையது. ஐ, கியூ இரண்டும் இருந்தால்தான் பிரிக்க முடியும். அந்த 90 டிகிரி எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவுதான் பிரியும்: வீச்சு இரண்டிலும் சமமாக இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 டிகிரி பிழைக்கு வேண்டாத பக்கம் சுமார் 41 டெசிபல் அடங்கும், 3 டிகிரிக்கு 32-க்குச் சற்றுக் கீழே, 5 டிகிரிக்கு 27. கொஞ்சம் பிழைக்கே இவ்வளவு இழப்பு.

கம்பி யோசனைக்கு வருவோம். 5 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 200 பிக்கோவினாடி, அதில் கால் பங்கு 50. சிலிக்கன் டைஆக்சைடுக்கு நடுவே ஓடும் கம்பியில் சிக்னல் ஒளியின் பாதி வேகத்தில் போகிறது என்று வைத்தாலும் 7.5 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். பல ரேடியோ சிப்புகளின் பக்கமே அதைவிடச் சிறியது. போதாததற்கு, சேனல் மாற்றி அதிர்வெண்ணை நகர்த்தினால் அதே கம்பி வேறு கோணம் தரும்.

கேள்வி (சென்னை, சிப் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்): எங்கள் குழுவில் எல்லோரும் இரட்டை அதிர்வெண்ணில் விசிஓ ஓட்டி இரண்டால் வகுத்துவிடலாம் என்கிறார்கள். அப்படியானால் குவாட்ரேச்சர் விசிஓ தேவையே இல்லையா?

பதில்: உங்கள் குழு சொல்வது சரி. 6 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். 10-ல் விசிஓ ஓட்டி, இரண்டு லாட்ச்கள் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்) கொண்ட டிவைடரில் வகுத்தால் 5-ல் நான்கு ஃபேஸும், அதாவது 0, 90, 180, 270 டிகிரி அலைகளும், தானாக வருகின்றன. விசிஓவின் ஃபேஸ் நாய்ஸும், அதாவது அலையின் தாளத்தில் வரும் சிறு நடுக்கமும், 6 டெசிபல் குறைகிறது. டிரான்ஸ்மிட்டரின் பவர் ஆம்ப்ளிஃபையர் 5-ல் கத்தும்போது 10-ல் ஓடும் விசிஓவை அது நேரடியாக இழுக்காது, இரண்டாம் ஹார்மானிக் வழியாக மட்டும் தொந்தரவு தரும். உள்ளே வரும் அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் சமமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

ஆனால் 60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ செய்கிறீர்கள் என்றால் 120-ல் விசிஓவும் அதை வகுக்கும் டிவைடரும் கட்ட வேண்டும். அங்கே வேரக்டரின் (மின்னழுத்தத்தால் மதிப்பு மாறும் கெப்பாசிட்டர்) தரம் சரிந்துவிடும், டிவைடர் மின்சாரத்தைக் குடித்துவிடும். அந்த இடத்தில்தான் குவாட்ரேச்சர் விசிஓவுக்கு உண்மையான மதிப்பு. மற்ற இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிக்னலின் கோணத்தைத் திருப்பும் ஆர்சி பாலிஃபேஸ் ஃபில்டரில் சிக்னல் தேயும், ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தயாரிப்பில் ஏறி இறங்கினால் கோணமும் போகும். நான்கு பெருக்கி நிலைகளை வளையமாகக் கோத்த ரிங் ஆசிலேட்டர் இலவசமாக 90 டிகிரி தரும், இண்டக்டரும் வேண்டாம், ஆனால் அதன் ஃபேஸ் நாய்ஸோடு செல்போன் ரேடியோ செய்ய முடியாது.

கேள்வி (கோவை, முதுகலை மாணவி): 5 ஜிகாஹெர்ட்ஸில் இரண்டு எல்சி (இண்டக்டரும் கெப்பாசிட்டரும் கொண்ட) ஆசிலேட்டரைக் கோத்து வடிவமைக்கிறேன். தனி ஆசிலேட்டராக இருந்தபோது ஃபேஸ் நாய்ஸ் நன்றாக இருந்தது, கோத்தவுடன் பல டெசிபல் கெட்டுவிட்டது. இரண்டையும் இணைக்கும் கப்ளிங் டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் நாய்ஸ் சரியாகிறது, ஆனால் மான்டி கார்லோவில் (மதிப்புகளைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டும் சிமுலேஷன்) 90 டிகிரி கண்டபடி அலைகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் தவறு செய்யவில்லை. இந்தச் சர்க்யூட்டின் நடு முடிச்சைத் தொட்டுவிட்டீர்கள், அதனால் இதற்குத்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் தனி ஆசிலேட்டர். 1 நானோஹென்றி இண்டக்டரும் மொத்தமாக 1 பிக்கோஃபேரட் கெப்பாசிட்டரும் இருந்தால் ஏறக்குறைய 5 ஜிகாஹெர்ட்ஸ் வரும். சிப்மேல் சுற்றிய இண்டக்டரின் தரக்காரணி (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) 10 என்று வைத்தால், டேங்க் (இந்த இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) ஒத்ததிர்வில் 314 ஓம் ரெசிஸ்டர் போலத் தெரியும். குறுக்காகக் கோத்த ஜோடி டிரான்சிஸ்டர் அந்த இழப்பை ஈடுகட்ட ஒவ்வொன்றுக்கும் ஜிஎம் (மின்னழுத்தத்தை எவ்வளவு கரண்டாக மாற்றுகிறது என்பதன் அளவு) 6.4 மில்லிசீமன்ஸுக்கு மேல் வேண்டும். நிச்சயமாகத் தொடங்க வேண்டும் என்றால் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வையுங்கள். 4 மில்லியாம்ப் ஓட்டினால் டிஃபரன்ஷியலாக சுமார் 0.8 வோல்ட் வீச்சு கிடைக்கும். இது வரை சிக்கல் இல்லை.

இப்போது இப்படி இரண்டை எடுத்து, முதலாவதன் வெளியீட்டை இரண்டாவதற்கு நேராகவும், இரண்டாவதன் வெளியீட்டை முதலாவதற்குத் தலைகீழாகவும் கொடுக்கிறோம். ஒரு முழுச் சுற்றில் ஒரு தலைகீழ், அதாவது 180 டிகிரி. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் ஆளுக்குப் பாதி, 90. கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ரூஃபூகரான், அசத் அபிதி குழுவினர் 1996-ல் 900 மெகாஹெர்ட்ஸ் சிமாஸ் சிப்பாக இதைச் செய்து காட்டினார்கள். இன்று பாடத்தில் வரும் குவாட்ரேச்சர் விசிஓவின் வேர் அதுதான்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் நடுவே வேகமாகப் போகும்போது, போகும் திசையிலேயே தள்ளினால் ஆட்டம் பெருகும். உச்சியில் நிற்கும்போது தள்ளினால் ஆட்டம் பெருகாது, ஊஞ்சலின் தாளம்தான் கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். கப்ளிங் கரண்ட் செய்வது இந்த இரண்டாவது வேலையை. அது 90 டிகிரி தள்ளி வருவதால் டேங்குக்குச் சக்தி கொடுப்பதில்லை, அதிர்வெண்ணை மட்டும் ஒத்ததிர்விலிருந்து நகர்த்துகிறது. எவ்வளவு நகரும் என்பது கப்ளிங் கரண்டுக்கும் முதன்மைக் கரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதத்தை எம் என்று அழைப்போம். எம்மை இருமடங்கு தரக்காரணியால் வகுத்தால் நகர்வின் பங்கு. எம் 0.25, தரக்காரணி 10 என்றால் 1.25 சதவீதம், 5 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 62 மெகாஹெர்ட்ஸ்.

உங்கள் நாய்ஸ் இங்கேதான் உள்ளே வருகிறது. அதிர்வெண் எம்மைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எம் என்பதோ இரண்டு கரண்ட் சோர்ஸ்களின் விகிதம். கப்ளிங் ஜோடிக்குக் கரண்ட் தரும் டெயில் டிரான்சிஸ்டரில் இருக்கும் மெதுவான ஃபிளிக்கர் நாய்ஸ் எம்மை 1 சதவீதம் அசைத்தாலே அதிர்வெண் 0.6 மெகாஹெர்ட்ஸ் அசைந்துவிடும். தனி ஆசிலேட்டரில் இந்த வாசலே கிடையாது. ஒத்ததிர்வை விட்டு விலகியதால் வரும் இழப்பு எம் 0.25-ல் பெரிதில்லை, டேங்கின் கோணம் 14 டிகிரிதான். எம் 1 ஆனால் 45 டிகிரி, அப்போது அதுவும் பெரிதாகிவிடும்.

அப்படியானால் எம்மைக் குறைத்துவிடலாமே என்றால், நீங்கள் மான்டி கார்லோவில் பார்த்தது நடக்கும். இரண்டு டேங்கும் கொஞ்சம் வேறுபட்டால் வரும் கோணப் பிழை, எளிய கணக்கில், எம்மின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. இரண்டு டேங்கின் கெப்பாசிட்டரில் 0.1 சதவீத வேறுபாடு, தரக்காரணி 10 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: எம் 0.5-க்கு ஒன்றரை டிகிரிக்கு அருகில், எம் 0.25-க்கு 5 டிகிரிக்கு அருகில். பாதியாக்கினால் பிழை மூன்று, நான்கு மடங்காகிறது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள், தரக்காரணி கூடினாலும் இந்தப் பிழை கூடும். நல்ல இண்டக்டர் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

இந்த இழுபறியிலிருந்து வெளியே வர வழி உண்டு. நான் முதலில் சொல்வது, கப்ளிங் பாதையிலேயே வேண்டுமென்றே ஒரு ஃபேஸ் தாமதம் வையுங்கள். ஊஞ்சலை உச்சியில் தள்ளிக்கொண்டிருந்த கை இப்போது நடுவை நோக்கி நகர்கிறது, கப்ளிங் கரண்டும் சக்தி கொடுக்க ஆரம்பிக்கிறது, டேங்க் ஒத்ததிர்வுக்குத் திரும்புகிறது, எம் அசைந்தாலும் அதிர்வெண் அவ்வளவாக அசையாது. முழு 90 டிகிரி தாமதம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, 40 கிடைத்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, கப்ளிங் டிரான்சிஸ்டருக்குத் தனிக் கரண்ட் தராமல் முதன்மை டிரான்சிஸ்டரோடு தொடரில் வைப்பது. பியட்ரோ ஆண்ட்ரியானி 2002-ல் 1.8 ஜிகாஹெர்ட்ஸ் விசிஓவை வைத்து இதை அலசியிருக்கிறார். நாய்ஸ் நன்றாகக் குறையும், விலையாக வோல்டேஜ் இடம் போகும், 1 வோல்ட் சப்ளையில் மூச்சு முட்டும். மூன்றாவது, இரண்டு ஆசிலேட்டரின் டெயில் முனைகளில் இருக்கும் இரட்டை அதிர்வெண் அலைகளை ஒன்றுக்கொன்று எதிராகப் பூட்டுவது. அங்கே 180 என்றால் அடிப்படை அதிர்வெண்ணில் 90. கூடுதல் நாய்ஸ் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் ஐ முந்துமா கியூ முந்துமா என்று அந்தச் சர்க்யூட் சொல்லாது.

நாய்ஸை ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிடுங்கள். இரண்டு ஆசிலேட்டரைச் சரியாகக் கோத்தால் நாய்ஸ் 3 டெசிபல் குறைய வேண்டும், மின்சாரம் இருமடங்கு ஆகும். அதனால் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் தரமதிப்பு தனி ஆசிலேட்டருக்குச் சமமாக வந்தாலே நல்ல வடிவமைப்பு. உதாரணமாக 5 ஜிகாஹெர்ட்ஸில், 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஹெர்ட்ஸுக்கு −120 டிபிசி (முதன்மை அலையோடு ஒப்பிட்ட டெசிபல்), 5 மில்லிவாட் என்றால் தரமதிப்பு −187. இந்த எண்ணைத் தனி ஆசிலேட்டருக்கும் கோத்ததற்கும் போட்டுப் பக்கத்தில் வையுங்கள், கப்ளிங் உங்களிடம் எவ்வளவு வாங்குகிறது என்று நேராகத் தெரிந்துவிடும்.

கேள்வி (பெங்களூரு, டெஸ்ட் பொறியாளர்): சிப் வந்துவிட்டது, வேலை செய்கிறது. ஆனால் சில முறை பவர் போடும்போது மட்டும் ஐ-யும் கியூ-வும் இடம் மாறிவிடுகின்றன. சாஃப்ட்வேர் பிழை என்று இரண்டு வாரம் தேடிவிட்டோம்.

பதில்: சாஃப்ட்வேரை விட்டுவிடுங்கள். அதே நேரத்தில் அதிர்வெண்ணும் தாவுகிறதா என்று பாருங்கள்.

மேலே சொன்ன சர்க்யூட்டுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. +90 ஒன்று, −90 ஒன்று. ஒன்றில் அதிர்வெண் ஒத்ததிர்வுக்கு மேலே போகும், மற்றதில் கீழே. எம் 0.25, தரக்காரணி 10 என்றால் இரண்டுக்கும் நடுவே 2.5 சதவீதம், 5 ஜிகாஹெர்ட்ஸில் 125 மெகாஹெர்ட்ஸ். ஐ-கியூ மாற்றமும் இந்தத் தாவலும் சேர்ந்தே வந்தால் சந்தேகமே வேண்டாம், ஆசிலேட்டர் மற்ற மோடில், அதாவது மற்ற தீர்வில், தொடங்கியிருக்கிறது. பிஎல்எல் (விசிஓவை ஒரு நிலையான குறிப்பு அதிர்வெண்ணோடு பூட்டி வைக்கும் சர்க்யூட்) பூட்டியிருந்தால் தாவல் வெளியே தெரியாது, கட்டுப்பாட்டு வோல்டேஜ் வேறு இடத்தில் போய் நிற்கும், அதைப் பாருங்கள். பல வருடங்களுக்கு முன் எங்கள் சோதனைச் சிப் ஒன்றில் இதே கதை. சிமுலேஷனில் ஒவ்வொரு முறையும் ஒரே ஆரம்ப நிலை கொடுத்து ஓட்டியதால் மேல் மோடைத் தவிர வேறொன்றை நான் பார்த்ததே இல்லை. சப்ளை மெதுவாக ஏறிய ஒரு போர்டில்தான் அது வெளிவந்தது. ஒரு முழு டேப்அவுட், அதாவது சிப்பைத் தயாரிப்புக்கு அனுப்பும் ஒரு சுற்று, வீணாகப் போனது, இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பொதுவாக மேல் மோட்தான் ஜெயிக்கும். இண்டக்டரின் ரெசிஸ்டன்ஸ் அதனோடு தொடரில் இருப்பதால் டேங்கின் தடை ஒத்ததிர்வுக்குச் சற்று மேலே கொஞ்சம் கூடுதல், கப்ளிங் பாதையில் இயல்பாக இருக்கும் சிறு தாமதமும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. ஆனால் அந்தக் கூடுதல் மிகச் சிறியது, அதை நம்பிக்கொண்டு தயாரிப்புக்குப் போகக் கூடாது. கோவை மாணவிக்குச் சொன்ன ஃபேஸ் தாமதம் இங்கேயும் மருந்து, கீழ் மோடுக்கு இருக்கும் கெயினை அது பிடுங்கிவிடும். கையில் இருக்கும் சிப்புக்கு இப்போதைக்கு, பவர் போட்டதும் தெரிந்த ஒரு டோனை (ஒற்றை அதிர்வெண் சிக்னல்) உள்ளே கொடுத்து, அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் டிஜிட்டலில் ஐ-கியூவை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முறை சிமுலேஷனில் இரண்டு எதிரெதிர் ஆரம்ப நிலைகளிலும், சப்ளையை வேகமாகவும் மெதுவாகவும் ஏற்றியும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (ஹைதராபாத், வடிவமைப்புப் பொறியாளர்): ஸ்கீமாட்டிக்கில் பிழை 0.2 டிகிரி. லேஅவுட் (சிப்பில் கம்பிகளும் பாகங்களும் உட்காரும் வரைபடம்) எடுத்து ஓட்டினால் 6 டிகிரி. எல்லாவற்றையும் சமச்சீராகத்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: பிஎல்எல்லுக்குப் போகும் இணைப்பை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஐ பக்கத்திலிருந்து மட்டும் எடுத்திருந்தால் அதுதான் முதல் சந்தேகம். கியூ பக்கத்தில் அதே பஃபரை டம்மியாக வையுங்கள்.

1 பிக்கோஃபேரட்டில் 0.1 சதவீதம் என்பது 1 ஃபெம்டோஃபேரட். சிப்பில் சில மைக்ரான் கம்பி கூடுதலாக ஓடினாலே அவ்வளவு வந்துவிடும். கண்ணுக்குச் சமச்சீராகத் தெரிவது போதாது என்பது இதனால்தான். குறிப்பாகக் கப்ளிங் கம்பிகளைப் பாருங்கள், ஒரு ஜோடி நேராகப் போகிறது, மற்ற ஜோடி குறுக்கே தாண்டிப் போகிறது. தாண்டும் இடத்தில் ஒரு மெட்டல் இன்னொன்றின்மேல் ஏறுகிறது. நேராகப் போகும் ஜோடியிலும் அதே மாதிரி ஒரு போலித் தாண்டல் வைத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு இண்டக்டர்களுக்கும் நடுவே காந்தப் புலம் வழியாக நடக்கும் பேச்சு. அது சாதாரண எக்ஸ்ட்ராக்ஷனில் (லேஅவுட்டிலிருந்து கம்பிகளின் கெப்பாசிட்டன்ஸையும் ரெசிஸ்டன்ஸையும் கணக்கெடுப்பது) வராது, இரண்டையும் சேர்த்து மின்காந்த சிமுலேஷன் ஓட்டினால்தான் தெரியும். தள்ளி வைக்க இடமில்லை என்றால் 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றிய இண்டக்டர் பாருங்கள், அதன் இரண்டு பாதிகளின் புலமும் ஒன்றையொன்று அழிக்கும்.

சிப் வந்ததும் இரண்டு கேபிள் போட்டு ஆஸிலாஸ்கோப்பில் கோணத்தை அளக்க வேண்டாம். 5 ஜிகாஹெர்ட்ஸில் 1 டிகிரி என்பது கேபிளில் 0.1 மில்லிமீட்டர் சொச்சம், அவ்வளவு சமமான கேபிள் உங்களிடம் இருக்காது. சிப்மேலேயே மிக்ஸர் வைத்து, வேண்டாத பக்கம் எத்தனை டெசிபல் அடங்குகிறது என்று அளந்து, அதிலிருந்து கோணத்தைக் கணக்கிடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம், பொறியியல் மாணவர்): எங்களிடம் விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் இல்லை. இதைப் படித்து மட்டும் வைக்கத்தானா, செய்து பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: வழி இருக்கிறது. கூகுளும் ஸ்கைவாட்டரும் சேர்ந்து 2020-ல் 130 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் விவரத் தொகுப்பைத் திறந்துவிட்டார்கள், ஸ்கை130 என்று பெயர். ஜெர்மனியின் ஐஎச்பி நிறுவனமும் தன் 130 நானோமீட்டர் பைசிமாஸ் (சிமாஸோடு பைபோலார் டிரான்சிஸ்டரும் உள்ள) தொகுப்பைத் திறந்திருக்கிறது, ரேடியோ வேலைக்கு அது இன்னும் பொருத்தம். வரைய எக்ஸ்ஸ்கெம், ஓட்ட என்ஜிஸ்பைஸ், லேஅவுட்டுக்கு மேஜிக் அல்லது கேலேஅவுட், இண்டக்டரின் மின்காந்தக் கணக்குக்கு ஓப்பன்இஎம்எஸ். எல்லாம் இலவசம்.

நேராக 5 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போகாதீர்கள், 2.4-ல் தொடங்குங்கள். இண்டக்டரை முதலில் ஒரு சுருளும் அதோடு தொடரில் ஒரு ரெசிஸ்டருமாக மட்டும் வையுங்கள், அந்த ரெசிஸ்டர் தொடரில் இருக்க வேண்டும், இணையாக வைத்தால் மோட் விஷயம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இரண்டு ஆசிலேட்டரும் சிமுலேட்டரில் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதால் தானாகத் தொடங்காமல் அப்படியே நிற்கும், ஒரு முனையில் சில மில்லிவோல்ட் ஆரம்ப மதிப்பு கொடுத்துத் தட்டிவிடுங்கள். அலை நிலைத்ததும் ஐ பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தையும் கியூ கடக்கும் நேரத்தையும் கழித்துக் கோணம் எடுங்கள். அப்புறம் ஒரு டேங்கில் மட்டும் 1 ஃபெம்டோஃபேரட் சேர்த்து, எம்மை 0.1-லிருந்து 1 வரை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் கோணத்தையும் அதிர்வெண்ணையும் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.